காடைக்கும் பட்டம் உண்டு

நெல்லுக்குப் பட்டம் பார்க்கிறோம். வேர்க்கடலைக்குப் பார்க்கிறோம். வெண்டைக்கும் கத்தரிக்கும்கூட மாதம் பார்த்துத்தான் விதை வாங்குகிறோம். ஆனால் முட்டைக்காகக் காடை வளர்க்கப் போகிறேன் என்று ஒருவர் கிளம்பினால், எந்த மாதம் குஞ்சு இறக்கப் போகிறீர்கள் என்று அவரை யாரும் கேட்பதில்லை. கையில் பணம் வந்த மாதம்தான் அவருக்குப் பட்டம். கடன் என்றால் மார்ச் மாதம் கைக்கு வரும், ஏனென்றால் வங்கிகள் இலக்கை முடிப்பது மார்ச்சில்தான். மார்ச்சில் குஞ்சு இறக்கினால் ஏப்ரல் கடைசியில் முதல் முட்டை. காடை முழு வேகத்தில் முட்டையிட வேண்டிய மே மாதத்தில் கத்திரி வெயில் உச்சத்தில் நிற்கும்.

34 வருஷம் வங்கியில் இருந்தவன் நான். கோழி, காடைப் பண்ணைகளுக்கான ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளை நிறையப் படித்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே மூன்று ஏக்கரில் நெல்லும் மாமரமும் கொஞ்சம் காடையும் வைத்திருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அந்த ரிப்போர்ட்டுகளில் 12 மாதமும் ஒரே மாதம்தான். ஒரு காடை வருஷத்துக்கு 280 முட்டை, அதை 12-ஆல் வகுத்தால் மாத வருமானம், அதிலிருந்து தவணை. இறப்புக்கு ஒரு கட்டம் இருக்கும், தீவனத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். மே மாதத்துக்குக் கட்டம் இருக்காது.

நம் திருவள்ளூர் மாவட்டத்தில், குறிப்பாகக் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் காடையைப் பற்றி யோசிப்பவர்கள் இந்த மே மாதத்திலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

வெயிலில் காடையின் உடம்பு

நாம் வளர்ப்பது ஜப்பானியக் காடை. 1974-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து இசத்நகர் பறவை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்த இனம். பிறகு நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நந்தனம் காடை, நாமக்கல் காடை என்று நம் ஊருக்கேற்ற ரகங்களைக் கொடுத்தது. எந்த ரகமானாலும் உடம்பின் அமைப்பு ஒன்றுதான்.

காடையின் உடல் வெப்பம் 41, 42 டிகிரி. அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. கொட்டகை 25 டிகிரிக்குள் இருக்கும்வரை அதற்குச் சிரமமில்லை. 30-ஐத் தாண்டினால் இறக்கையை விரித்து வைக்கும், தண்ணீர் அதிகம் குடிக்கும், தீவனத்தைக் குறைக்கும். அதற்கும் மேலே போனால் வாயைத் திறந்து இரைக்கத் தொடங்கும். இரைக்கும்போது தொண்டையிலும் நுரையீரலிலும் உள்ள ஈரம் ஆவியாகிச் சூட்டை வெளியே கொண்டுபோகிறது. அதற்கு இருக்கும் ஒரே குளிர்சாதனம் அதுதான்.

இதற்கு ஒரு விலை உண்டு. வேகமாக இரைக்கும்போது ரத்தத்தில் உள்ள கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. ரத்தம் காரமாக மாறுகிறது. முட்டை ஓடு என்பது கால்சியம் கார்பனேட். அந்தக் கார்பனேட் வர வேண்டியதே இந்தக் கரியமில வாயுவிலிருந்துதான். ஒருபக்கம் அது குறைகிறது. இன்னொரு பக்கம் தீவனம் எடுக்காததால் கால்சியமும் குறைகிறது. அதனால்தான் கோடையில் ஓடு காகிதம் மாதிரி வருகிறது, கையில் எடுக்கும்போதே நசுங்குகிறது. "கிளிஞ்சல் தூள் போட்டும் ஓடு மெல்லிசாத்தான் வருது சார்" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கால்சியம் போட்டால் மட்டும் போதாது, இரைப்பு அடங்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோழி பெரும்பாலும் காலையில் முட்டையிடும். காடை சாயங்காலப் பறவை. முக்கால்வாசி முட்டை மாலை 3 மணியிலிருந்து 6 மணிக்குள் விழும். அப்படியானால் ஓடு கட்டும் வேலை முந்தின நாள் இரவு தொடங்கி மறுநாள் பகல் முழுக்க நடக்கிறது. ஓடு இறுகி முடிய வேண்டிய கடைசி நேரம், நம் ஊரில் வெயில் உச்சியில் நிற்கும் நேரம். கோழிக்கு இல்லாத கஷ்டம் இது. கோழிப் பண்ணைக்காரர் சொல்லும் யோசனையை அப்படியே காடைக்கு எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இது ஒரு காரணம்.

நாமக்கல் வேறு, கும்மிடிப்பூண்டி வேறு

ஈரப்பதத்துக்கு வருவோம். நம் பகுதியின் உண்மையான பிரச்சினை இதுதான்.

தமிழ்நாட்டில் கோழி வளர்ப்பு பற்றிய அனுபவம் பெரும்பாலும் நாமக்கல், பல்லடம் போன்ற உள்மாவட்டங்களில் விளைந்தது. அங்கே வெயில் உண்டு, கடல் ஈரம் குறைவு. அங்கே ஃபாகர் போட்டுத் தண்ணீரைப் புகையாகத் தெளித்தால், காய்ந்த காற்று அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு குளிர்ந்துவிடும். நம் பக்கம் பழவேற்காடு ஏரியும் வங்கக் கடலும் இருக்கின்றன. மதியத்துக்கு மேல் கடற்காற்று ஈரத்தோடு வருகிறது. ஏற்கெனவே ஈரமான காற்றில் இன்னும் ஈரத்தைத் தெளித்தால் அது எங்கே போகும்? காடையும் நுரையீரலிலிருந்து அதே காற்றுக்குத்தான் ஈரத்தை விட வேண்டும். அந்த வழியை நாமே அடைத்துவிடுகிறோம்.

ஒரு கணக்கு பாருங்கள். 40 டிகிரி வெயில், ஈரப்பதம் 25 சதவீதம் என்றால், தண்ணீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கக்கூடிய கடைசி எல்லை சுமார் 24 டிகிரி. 35 டிகிரி வெயில், ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் அந்த எல்லை சுமார் 30 டிகிரி. தெர்மாமீட்டரில் பார்த்தால் இரண்டாவது நாள் 5 டிகிரி குறைவு. காடைக்கோ அந்த நாள்தான் கொடுமை. "இன்னிக்கு வெயில் கம்மிதானே, ஏன் சாகுது?" என்று கேட்கும் நாட்கள் இவைதான்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். இரண்டு சாதாரண தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஒன்றை அப்படியே தொங்கவிடுங்கள். இன்னொன்றின் குமிழில் பருத்தித் துணியைச் சுற்றி, துணியின் நுனி ஒரு சின்ன டப்பாவில் உள்ள தண்ணீரில் இருக்கும்படி வையுங்கள். காடை நிற்கும் உயரத்தில், காற்றுப் படும் இடத்தில் இரண்டும் இருக்கட்டும். இரண்டுக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் தெளிப்பு பலன் தரும். 5 டிகிரிக்குக் கீழே வந்தால் தெளிப்பை நிறுத்திவிட்டு ஃபேனை ஓடவிடுங்கள். இது நான் என் கொட்டகையில் வைத்திருக்கும் அளவு. நம் மாவட்டத்திலேயே மேற்கே திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு ஃபாகர் பல நாள் உதவும். பொன்னேரிக்காரருக்கு அப்படி இல்லை. ஒரே மாவட்டத்துக்கு ஒரே யோசனை சொல்ல முடியாது.

சிப்காட்டைச் சுற்றி இன்னொரு சூடும் சேருகிறது. தோப்பாக இருந்த இடமெல்லாம் தகரக் கொட்டகையும் கான்கிரீட் தரையும் ஆகிவிட்டன. இரும்பு உருக்கும் ஆலைகள், ரோலிங் மில்கள், நாளெல்லாம் போகும் கன்டெய்னர் லாரிகள். பகலில் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் ராத்திரி முழுக்க விட்டுக்கொண்டே இருக்கிறது. பகலில் இரைத்த பறவை இரவில் தேறினால்தான் மறுநாளைத் தாங்கும். இரவும் புழுக்கம் என்றால் மூன்றாம் நாள், நான்காம் நாள் சாவு கூடுகிறது. வேலை போன இளைஞர்கள், ஷிப்ட் வேலையோடு சேர்த்துச் செய்பவர்கள் என்று பலர் இந்தப் பகுதியில் காலியான தகர ஷெட்டை வாடகைக்குப் பிடித்துத்தான் காடையை ஆரம்பிக்கிறார்கள். அந்த ஷெட் சரக்கு வைக்கக் கட்டியது. உயிர் வைக்கக் கட்டியது அல்ல.

மூன்றில் ஒன்று குறைந்தால் பாதி போகும்

வங்கிக்காரன் கணக்கைச் சொல்லாமல் விடமாட்டான். 500 காடை, 100-க்கு 80 முட்டை என்றால் நாளுக்கு 400 முட்டை. கணக்குக்காக முட்டை 3 ரூபாய் என்று வையுங்கள்: 1,200 ரூபாய். ஒரு காடைக்கு 28 கிராம் வீதம் 14 கிலோ தீவனம், கிலோ 40 ரூபாய் என்றால் 560. மிச்சம் 640.

புழுக்கத்தில் 100-க்கு 55 ஆகிறது. நாளுக்கு 275 முட்டை, 825 ரூபாய். தீவனம் 12 கிலோவாகக் குறைந்தாலும் 480 போகும். மிச்சம் 345. முட்டை குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. கையில் நிற்பது ஏறக்குறைய பாதியாகிவிட்டது. இதில் உடைந்த முட்டையைக் கழிக்கவில்லை, செத்த காடையைக் கழிக்கவில்லை, ஃபேன் ஓடிய கரன்ட் பில்லைக் கழிக்கவில்லை. தவணை மட்டும் குறையாமல் அப்படியே நிற்கும்.

விலைகளை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். எண்கள் மாறும், கணக்கின் போக்கு மாறாது.

பட்டம் எது?

நம் மண்ணின் காடை ஒன்று இருக்கிறது. கருப்பு நெஞ்சுள்ள மழைக்காடை. அதன் அறிவியல் பெயரிலேயே நம் சோழமண்டலக் கரையின் பெயர் இருக்கிறது. காட்டில் வாழும் அந்தப் பறவை, சட்டம் பாதுகாக்கும் பறவை. அதைப் பிடிப்பது குற்றம். அதைப் பார்த்து ஒரு பாடம் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அது பெரும்பாலும் மழை தொடங்கி, புல் எழுந்த பிறகுதான் முட்டையிடுகிறது. மே மாத வெயிலில் அது பண்ணை நடத்துவதில்லை.

வளர்ப்புக் காடைக்கும் அதையே செய்யலாம். பெரிய வசதி என்னவென்றால், அது 6, 7 வாரத்தில் முட்டைக்கு வந்துவிடும். கறவை மாடு மாதிரி வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டாம். என் யோசனை இது: ஜூன் நடுவில் குஞ்சு இறக்குங்கள். முதல் வாரம் குஞ்சுக்கு 35 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பெரிய காடையைக் கொல்கிற அதே வெயில் குஞ்சுக்குப் பாதித் தாய். பல்பு செலவு குறையும், குளிர் தாக்கிச் சாகும் குஞ்சும் குறையும். ஆகஸ்ட் தொடக்கத்தில் முட்டை வரத் தொடங்கும். அதிலிருந்து மார்ச் வரை 8 மாதம். மார்ச் கடைசிக்குள் இறைச்சிக்கு விற்றுவிட்டுக் கொட்டகையை ஓய்வில் விடுங்கள். ஏப்ரல், மே இரண்டு மாதமும் வெயில் உங்களுக்காக வேலை செய்யும். கழுவி, சுண்ணாம்பு அடித்துக் காயப்போட்டால் முந்தின கூட்டத்தின் நோய் அடுத்த கூட்டத்துக்குப் போகாது. எரு மட்கி ஆடிப்பட்டத்துக்கு நிலத்துக்குப் போகும். காடையும் பயிரும் ஒரே சுழற்சியில் வந்துவிடும்.

இதில் குறை இல்லாமல் இல்லை. 240 நாளில் 100-க்கு 75 என்று வைத்தால் ஒரு காடைக்கு 180 முட்டைதான். ரிப்போர்ட் சொல்லும் 280 வராது. "கடைக்காரருக்கு ரெண்டு மாசம் முட்டை குடுக்கலைன்னா அவர் வேற ஆளைப் பார்த்துடுவாரே" என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு நான் சொல்வது, மூன்றில் ஒரு பங்குக் காடையை மட்டும் கோடைக்கு வைத்திருங்கள், அதுவும் இருப்பதிலேயே நிழலான, காற்றோட்டமான இடத்தில். அல்லது இரண்டு மூன்று பேர் சேர்ந்து, மர நிழல் இருப்பவர் கோடைக்கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும்படி பிரித்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையும் சோதனைதான். ஈரக் கூளத்தில் அமோனியா நாற்றம் கண்ணைக் கரிக்கும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நம் மாவட்டத்தை என்ன செய்தது என்று சொல்ல வேண்டியதில்லை. தரையை உயர்த்திக் கட்டியிருந்தால், கூளத்தைக் கிளறிக் காயவைத்தால், மழையைச் சமாளிக்கலாம். புழுக்கத்துக்கு அப்படிச் சுலபமான வழி இல்லை.

கோடையில் நிற்கும் காடைக்கு

ஏற்கெனவே காடை வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை.

கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும், அப்போது வெயில் நீளப் பக்கத்தில் விழாது. தகரம், சிமென்ட் ஷீட் மேலே வெள்ளைச் சுண்ணாம்பு, அதற்கு மேலே தென்னங்கீற்று அல்லது பனையோலை. பக்கச் சுவர் முழங்கால் உயரத்துக்கு மேல் வலைதான் இருக்க வேண்டும்.

அடுக்குக் கூண்டில் மேல் அடுக்கு கூரைச் சூட்டை நேராக வாங்கும். கோடையில் அதைக் காலி செய்யுங்கள். 5 காடை நிற்கும் இடத்தில் 3 நிற்கட்டும். ஒவ்வொரு காடையும் ஒரு சின்ன அடுப்புதான்.

தீவனத்தைக் காலை வெயிலுக்கு முன்னும் மாலை வெயில் தணிந்தும் கொடுங்கள். செரிமானச் சூடு மதியத்தில் சேரக் கூடாது. முட்டைக் காடைக்கு 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும். குறைகிற 3 மணி நேரத்தை விடியற்காலை 3 மணியிலிருந்து எல்இடி போட்டு ஈடு செய்தால், குளிர்ந்த நேரத்தில் அது தின்னும். கிளிஞ்சல் தூளை மாலைத் தீவனத்தில் சேருங்கள். ஓடு கட்டுவது இரவில்தானே தொடங்குகிறது.

கூரைமேல் வெயிலில் நிற்கும் கருப்புத் தொட்டித் தண்ணீர் மதியம் சுடுதண்ணீர். காடை அதைக் குடிக்காது. தொட்டியை நிழலுக்கு மாற்றுங்கள், மண்பானைத் தண்ணீர் கொடுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிச்சாறோ கொஞ்சம் கலந்தால் நல்லது. தீவன மூட்டையைச் சுவரை ஒட்டித் தரையில் வைக்காதீர்கள். புழுக்கத்தில் மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் பூஞ்சை பிடித்தால் அதன் நஞ்சு கல்லீரலைக் கெடுத்து முட்டையைக் குறைக்கும்.

கோடையில் முட்டை குறைந்ததும் கடைக்காரர் ஒரு ஆன்டிபயாடிக் பாக்கெட்டை நீட்டுவார். வெயில் ஒரு கிருமி அல்ல. நோய் அறிகுறி இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெறும் புழுக்கத்துக்கு மருந்து கொடுத்தால் பணமும் போகும், முட்டையும் இயற்கை முட்டையாக இருக்காது.

90 நாள் விதி

கடைசியாக, நான் அதிகம் அக்கறைப்படும் விஷயம். ரிசர்வ் வங்கி விதிப்படி, குறுகிய காலப் பயிர்க்கடன் இரண்டு பயிர்ப் பருவம் கட்டாமல் இருந்தால்தான் வாராக்கடன். கோழி, காடை போன்ற துணைத் தொழில்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவற்றுக்கு 90 நாள். ஏப்ரல், மே, ஜூன் சேர்ந்தால் எத்தனை நாள்? 91. கோடை ஒன்று முடிவதற்குள் காடைக்காரர் வாராக்கடன் பட்டியலில் ஏறிவிட முடியும். அதற்குப் பிறகு அவருக்கு எந்த வங்கியிலும் நகைக்கடன் தாண்டி ஒன்றும் கிடைக்காது. கந்துவட்டிக்குப் போவார். செத்த காடையைவிட இது பெரிய இழப்பு.

இதைச் சரிசெய்யப் புதிய சட்டம் வேண்டியதில்லை. தவணை எந்த மாதம் கட்ட வேண்டும் என்பது கடன் கொடுக்கும்போதே எழுதப்படுவது. ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை மட்டும் தவணை என்று எழுதினால், கோடையில் நிலுவையே விழாது. 90 நாள் கடிகாரம் ஓடத் தொடங்காது. வட்டியையும் அதே அட்டவணையில் சேர்க்க வேண்டும், அதைத் தனியாக மாதாமாதம் கேட்டால் பயனில்லை. 2018-19 பட்ஜெட்டிலேயே கிசான் கிரெடிட் கார்டு கால்நடை வளர்ப்புக்கும் நீட்டிக்கப்பட்டது. காடையை விவசாயத்தின் பகுதி என்று ஏற்றுக்கொண்டவர்கள், அதற்கும் ஒரு பருவம் உண்டு என்பதையும் ஏற்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெயிலில் உயிரிழப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல முடிவு. வெயிலில் கூட்டமாகச் சாகும் கோழிக்கும் காடைக்கும் இதில் என்ன இடம் என்று நம் இயக்கம் கேட்க வேண்டும். திரூர் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் கடலோர ஒன்றியங்களுக்கும் மேற்கு ஒன்றியங்களுக்கும் தனித்தனியாகக் கோடை யோசனை தரச் சொல்லியும் கேட்க வேண்டும்.

அதுவரை, கடன் வாங்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ரிப்போர்ட் எழுதித் தருபவரிடம் வருஷக் கணக்கை வாங்காதீர்கள். 12 மாதத்துக்கும் தனித்தனி வரி போட்ட கணக்கைக் கேளுங்கள். மே மாத வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அங்கேயும் 100-க்கு 80 என்று இருந்தால், அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.